ரைசர் பொங்குது, பின்ஹோல் வருது: ஸ்டீல் ஹீட்டில் ஆக்சிஜன் கோளாறை அறிகுறி பார்த்துப் பிடிப்பது

"அண்ணா, ரைசர் எல்லாம் பொங்கி நிக்குதுங்க. இன்னும் ரெண்டு பிடி அலுமினியம் சேர்த்துப் போடட்டுங்களா?"

ராத்திரி ஷிப்டில்தான் இந்த போன் வரும். ரைசர் என்பது காஸ்டிங் ஆறிச் சுருங்கும்போது அதற்கு மெட்டல் கொடுக்க மோல்டில் விடும் கிணறு, அது குழி விழ வேண்டும். ஹீட் என்பது ஒரு தடவை உருக்கும் மெட்டல். அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜனைப் பிடிக்கத்தான் அலுமினியம் போடுகிறோம். இந்தக் குறிப்பை எழுத உட்கார்ந்ததே அந்த ரெண்டு பிடிக்காகத்தான். கணபதி, பீளமேடு, குறிச்சி, அரசூர் என்று கோவையைச் சுற்றி பல பவுண்டரிகளில் இதே கோளாறைப் பார்த்துவிட்டேன். தேடுகிற வரிசையும் அதில் தானாக அமைந்துவிட்டது. 250 கிலோவில் இருந்து 1 டன் வரைக்கும் இண்டக்‌ஷன் பர்னஸ், கார்பன் ஸ்டீல் அல்லது லோ அலாய், வால்வு பாடி, பம்ப் கேசிங் மாதிரி வேலை ஓடும் இடங்களுக்கு இது பொருந்தும். ஒவ்வொரு அறிகுறிக்கும் காசு செலவில்லாத காரணத்தை முதலில் சொல்லியிருக்கிறேன். அதே வரிசையில் பாருங்கள், தாண்டிப் போகாதீர்கள்.

ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். அலுமினியம் உண்மையாகவே பத்தாமல் போன ஹீட்டுகளை நான் பார்த்தது குறைவு. போட்டது மெட்டலுக்குள் இறங்காமல் மேலேயே எரிந்துபோன ஹீட்டுகள் அதிகம். இறங்கி வேலை செய்த பிறகு காற்று மறுபடி உள்ளே புகுந்தவை அதைவிட அதிகம்.

எந்த அறிகுறியானாலும் முதலில் இரண்டு கிண்ணம்

காய்ந்த ஷெல் சாண்டில் டீ டம்ளர் அளவுக்கு இரண்டு கிண்ணம் செய்து வைத்துக்கொள்ளுங்கள். கோர் ஷாப்பில் சொன்னால் ஒரு மணி நேரத்தில் இருபது செய்து கொடுத்துவிடுவார்கள். நன்றாகச் சூடேற்றிய ஸ்பூனில் பர்னஸ் மெட்டலை எடுத்து முதல் கிண்ணத்தில் அப்படியே ஊற்றுங்கள். அடுத்த ஸ்பூனில் விரல் நீளத்துக்கு அலுமினியக் கம்பியை முக்கிக் கரைத்து இரண்டாவது கிண்ணத்தில் ஊற்றுங்கள். பிறகு வேறு வேலைக்குப் போகாமல் அங்கேயே நின்று பாருங்கள்.

அடங்கிய மெட்டல், அதாவது ஆக்சிஜன் பிடிபட்டு 'கில்' ஆன மெட்டல், சத்தம் போடாது. ஓரத்தில் இருந்து தோல் கட்டிக்கொண்டே வந்து நடுவில் குழி விழும். அடங்காத மெட்டலில் பொறி பறக்கும். தோல் கட்டும்போதே நடு உப்பி, பணியாரம் மாதிரி எழும்பி நிற்கும். சில சமயம் அந்தத் தோலைக் கிழித்துக்கொண்டு மெட்டல் வெளியே வழியும். ஆறியதும் சுத்தியலால் உடைத்து உள்ளே ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இங்கிருந்து மூன்று வழி பிரிகிறது.

முதல் கிண்ணம் உப்பி, இரண்டாவது குழி விழுந்தால் பிரச்சினை ஆக்சிஜன்தான். கீழே ரைசர் பொங்கும் பகுதிக்குப் போங்கள்.

இரண்டுமே உப்பினால் அது ஹைட்ரஜன், இல்லாவிட்டால் நைட்ரஜன். எத்தனை பிடி அலுமினியம் போட்டாலும் ஹைட்ரஜன் போகாது. 'ஈரம்' பகுதிக்குப் போங்கள்.

இரண்டுமே குழி விழுந்து, காஸ்டிங்கில் மட்டும் கோளாறு என்றால் பர்னஸை விட்டுவிடுங்கள். லேடில் (பர்னஸில் இருந்து மெட்டலை வாங்கி மோல்டில் ஊற்றும் வாளி), ஊற்றும் விதம், மோல்டு, இந்த மூன்றில் ஒன்றுதான் காரணம்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது, கவனம். பல இடங்களில் ஸ்பெக்ட்ரோ (மெட்டலில் எது எத்தனை சதவீதம் என்று காட்டும் கருவி) சாம்பிள் ஓட்டை விழாமல் இருக்க ஸ்பூனிலேயே அலுமினியக் கம்பியை முக்கிவிடுகிறார்கள். கார்பனும் மாங்கனீஸும் பார்க்க அது சரி. ஆனால் அதே சாம்பிளில் அலுமினியம் 0.05 சதவீதம் என்று வந்ததும் மெட்டல் நன்றாக அடங்கிவிட்டது என்று நம்பிவிடுகிறார்கள். அந்த 0.05 ஸ்பூனில் போட்ட கம்பியின் கணக்கு. அலுமினியம் பார்க்க வேண்டிய சாம்பிளை லேடிலில் இருந்து, எதுவும் சேர்க்காமல் எடுக்க வேண்டும்.

அறிகுறி 1: ரைசர் குழி விழாமல் பொங்குகிறது

அலுமினியம் எப்படிப் போகிறது என்று நின்று பாருங்கள். இதற்குச் செலவே கிடையாது. உருகிய ஸ்டீலின் அடர்த்தி ஏறக்குறைய 7, அலுமினியத்துக்கு 2.7. தண்ணீரில் போட்ட நெட்டி மாதிரி மேலே மிதக்கும். மேலே ஸ்லாக் (உருகிய கசடு) இருந்தால் அதன் மேல் உட்கார்ந்து வெள்ளை வெளிச்சத்தோடு எரிந்து முடிந்துவிடும். பார்க்கிறவர்களுக்கு நன்றாகப் பிடித்துவிட்டது போலத் தெரியும். உள்ளே போனது கொஞ்சம்தான்.

சரியான முறை இதுதான். லேடிலில் கால் பங்கு மெட்டல் விழுந்ததும் விழுகிற தாரையிலேயே அலுமினியம் போய்ச் சேர வேண்டும். இன்னும் நம்பகமானது முக்குவது. 12 மி.மீ. கெட்டிக் கம்பியின் நுனியில் எடை போட்ட அலுமினியக் கட்டியைக் கட்டுக் கம்பியால் இறுக்கிக் கட்டி, பர்னஸ் வாயருகில் காட்டிச் சூடேற்றி, லேடிலின் அடிவரை இறக்கிப் பிடியுங்கள். சில வினாடியில் கை லேசாவது தெரியும், அப்போது கரைந்துவிட்டது என்று அர்த்தம். குழாயில் கட்டி இறக்கவே கூடாது. உள்ளே ஈரம் இருந்தால் மெட்டல் ஆள் மேலேயே தெறிக்கும். காலி லேடிலின் அடியில் அலுமினியத்தைப் போட்டுவிட்டு டேப் செய்யும் (பர்னஸ் மெட்டலை லேடிலில் ஊற்றும்) பழக்கமும் சில இடங்களில் உண்டு. அது ஒரு ஹீட்டில் பிடிக்கும், அடுத்த ஹீட்டில் அடிக் கல்லில் ஒட்டிக்கொண்டு கரையாமலே கிடக்கும். அந்த முறையை நான் நம்புவதில்லை.

அப்புறம் எடை. கார்பன் ஸ்டீல் காஸ்டிங்குக்கு 0.1 சதவீதம், அதாவது டன்னுக்கு 1 கிலோ என்று ஆரம்பிக்கலாம். 500 கிலோ லேடிலுக்கு 500 கிராம். அதில் பாதி போனாலும் மெட்டலில் 0.05 நிற்கும். நமக்கு வேண்டியது 0.03 முதல் 0.05 வரை. அரசூர் பக்கம் ஒரு பவுண்டரியில் மெல்டர் நல்ல அனுபவசாலி, ஷாட்ஸை, அதாவது அலுமினியக் குருணையை, பிடிக் கணக்கில்தான் போடுவார். "முப்பது வருஷமா இந்தக் கைதானுங்க" என்றார். மரியாதையோடுதான் கேட்டேன், ஆறு பிடி தனித்தனியாக அள்ளித் தரச் சொல்லித் தராசில் வைத்தோம். குறைந்தது 140 கிராம், அதிகம் 230. அவரே தராசைத் தூக்கிக்கொண்டு போய் பர்னஸ் மேடையில் வைத்துவிட்டார். அலுமினியத்தின் தரத்தையும் அப்படியே பார்த்துக்கொள்ளுங்கள். பிஸ்டன் உடைசல், பாத்திரக் கழிவு என்று வாங்கினால் அதில் செம்பும் துத்தநாகமும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து வரும். டீஆக்சிடேஷனுக்கு என்றே விற்கும் கட்டியோ ஷாட்ஸோ வாங்குங்கள்.

அடுத்தது வரிசை. பெர்ரோ மாங்கனீஸ், பெர்ரோ சிலிக்கான் இரண்டும் பர்னஸில் முதலில் போய், இரண்டு மூன்று நிமிஷம் கலந்து, ஸ்லாக் எடுத்து, டெம்ப்பரேச்சர் பார்த்து, டேப் செய்யும்போது அலுமினியம். மாங்கனீஸும் சிலிக்கானும் ஆக்சிஜனின் பெரும்பகுதியைப் பிடித்த பிறகு மிச்சத்துக்குத்தான் அலுமினியம் போக வேண்டும். முதலிலேயே அதைப் போட்டால் விலை உயர்ந்த பொருள் மலிவான வேலைக்குச் செலவாகிவிடும். மாங்கனீஸின் இந்த வேலைக்கும் நம் பக்கத்துக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. சேலத்து இரும்புக் கல்லை நம்பிப் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கிய ஜோசையா மார்ஷல் ஹீத்தான், இங்கிலாந்து திரும்பி 1839-ல் ஸ்டீலில் மாங்கனீஸ் சேர்க்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார்.

இவ்வளவும் சரியாக இருந்தும் பொங்கினால் ஸ்லாக்கைப் பாருங்கள். கறுப்பாக, பளபளவென்று, தண்ணீர் மாதிரி ஓடுகிற ஸ்லாக் என்றால் அதில் இரும்பு ஆக்சைடு நிறைந்திருக்கிறது. அது லேடிலுக்குள் வழிந்தால் நீங்கள் எடுத்த ஆக்சிஜனை அதுவே திருப்பிக் கொடுக்கும். ஸ்லாக் கட்டும் பவுடரைத் தூவி, திரட்டி, இரண்டு தடவை எடுத்துவிட்டு டேப் செய்யுங்கள். டேப்பிங் முடியும் நேரத்தில் வரும் ஸ்லாக்கை லேடிலுக்குள் விடாமல் தடுங்கள்.

பிறகு சார்ஜ். துருப்பிடித்த ஸ்கிராப்பில் இரண்டு வினை உண்டு. துரு என்பது ஆக்சைடு, அதோடு அதில் ஈரமும் கட்டியிருக்கும். மழைக்காலத்தில் திறந்த வெளியில் கிடந்த ஸ்கிராப்பில் கிண்ணம் எவ்வளவு உப்புகிறது என்று ஒரு முறை பார்த்துவிட்டால் ஷெட் போடும் செலவுக்கு யாரும் யோசிக்க மாட்டார்கள். லேத் டர்னிங்ஸ் மலிவு என்று அதிகம் சேர்த்தால் அதில் இருக்கும் கூலன்ட்டும் எண்ணெயும் சேர்ந்து உள்ளே போகும்.

கடைசியாகச் செலவு வைக்கும் காரணம், லைனிங், அதாவது பர்னஸின் உள்சுவர். காஸ்ட் அயர்ன் ஓட்டிக்கொண்டிருந்த சிலிக்கா லைனிங்கிலேயே ஸ்டீலும் ஓட்டும் இடங்கள் இருக்கின்றன. 1650 டிகிரிக்கு மேல் நிறுத்தி வைத்தால் மெட்டல் சுவரைத் தின்ன ஆரம்பிக்கும். சிலிக்கான் ஏறும், கார்பன் இறங்கும். பர்னஸில் அலுமினியம் போட்டால் சுவரில் இருக்கும் சிலிக்காவே அதைத் தின்றுவிடும். ஸ்டீல்தான் முக்கிய வேலை என்றால் அலுமினா அடிப்படையிலான நியூட்ரல் லைனிங்குக்கு மாறுவதைப் பற்றி லைனிங் சப்ளையரைக் கூப்பிட்டுப் பேசுங்கள். அதை நீங்களே முயற்சி செய்து பார்க்க வேண்டாம். சின்டரிங் (லைனிங்கைச் சூட்டில் இறுக வைப்பது) தப்பினால் மெட்டல் பர்னஸைச் சுற்றி இருக்கும், தண்ணீர் ஓடும் காயிலுக்குப் போய்விடும்.

பொங்கின மோல்டுகளை என்ன செய்வது என்று கேட்பார்கள். ரைசர் பொங்கிய காஸ்டிங்கின் உள்ளே ஓட்டை இல்லை என்று வெளியில் பார்த்துச் சொல்ல முடியாது. வால்வு பாடி என்றால் ஒதுக்கிவிடுங்கள்.

ஈரம்: இரண்டு கிண்ணமும் உப்பினால்

ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் சாரலோடு காற்று வரும்போதும், ஐப்பசி, கார்த்திகை மழையிலும் இது தலை தூக்கும். ஒரு ஆடியில் குறிச்சிப் பக்கம் ஒரு பவுண்டரியில் நான்கு நாள் தொடர்ந்து பின்ஹோல். நான்கு நாளும் அலுமினியத்தைக் கூட்டிக்கொண்டே போயிருந்தார்கள். போய்ப் பார்த்தால் பெர்ரோ சிலிக்கான் மூட்டை பிரித்தபடி மேற்குச் சுவர் ஜன்னலுக்குக் கீழே இருக்கிறது. ஒரு கட்டியைக் கையில் எடுத்தேன், உள்ளங்கையில் சில்லென்று ஈரம் ஒட்டியது. அன்று மாலையே மூட்டையை ஹீட் ட்ரீட்மென்ட் பர்னஸ் பக்கம் மாற்றி, தட்டில் பரப்பிச் சூடேற்றிப் போட்டோம். அடுத்த ஹீட்டில் இரண்டாவது கிண்ணம் குழி விழுந்தது.

பார்க்க வேண்டிய வரிசை: பெர்ரோ அலாய்களும் ஸ்லாக் பவுடரும் காய்ந்திருக்கின்றனவா, லேடில் சிவக்கச் சிவக்கச் சூடேறியிருக்கிறதா, ஸ்கிராப்பில் ஈரமும் எண்ணெயும் இருக்கின்றனவா, புது லைனிங் அல்லது பேட்ச் போட்ட லைனிங் முழுதாகக் காய்ந்ததா. லேடில் விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். பர்னர் வைத்து அரை மணி நேரம் கழித்து உள்முகம் சிவந்திருக்கும், பின்னால் இருக்கும் ஈரம் மெட்டல் விழுந்த பிறகுதான் வெளியே வரும். லேடில் ஷெல்லின் வெளிப்புற ஓட்டைகளில் ஆவி வந்தால் இன்னும் காயவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இதற்கெல்லாம் பிறகும் இரண்டாவது கிண்ணம் உப்பிக்கொண்டே இருந்து, பர்னஸின் எர்த் லீக்கேஜ் அளவும் ஏறியிருந்தால், காயிலில் தண்ணீர்க் கசிவு இருக்கலாம். அங்கே கோளாறு தேடுவதை நிறுத்துங்கள். பவரை நிறுத்தி, ஆட்களைப் பர்னஸ் மேடையை விட்டு இறக்கி, பர்னஸ் கம்பெனி சர்வீஸ் ஆளைக் கூப்பிடுங்கள். உருகிய மெட்டலும் தண்ணீரும் சேர்ந்தால் நடப்பதைத் திருப்ப முடியாது. 'இந்த ஒரு ஹீட் முடியட்டும்' என்று யாரையும் சொல்ல விடாதீர்கள்.

அறிகுறி 2: ரைசர் நன்றாக இருக்கிறது, மெஷின் ஷாப்பில் பின்ஹோல் தெரிகிறது

இதுதான் மனதை உடைக்கும் கோளாறு. பெட்லிங் (ரைசர் வெட்டிச் சீராக்குவது), ஷாட் பிளாஸ்டிங், ஹீட் ட்ரீட்மென்ட் எல்லாம் முடிந்து, லேத்தில் 1 மி.மீ. எடுத்ததும் தோலுக்கு அடியில் ஊசிக் குத்து மாதிரி வரிசையாக நிற்கும்.

எந்த மோல்டில் வருகிறது என்று முதலில் பாருங்கள். ஒரே லேடிலில் முதல் மோல்டுகள் நன்றாக இருந்து கடைசி மோல்டுகளில் மட்டும் வந்தால், அலுமினியம் தேய்ந்துவிட்டது. டேப்பிங் முடிந்து ஐந்து, எட்டு நிமிஷத்துக்குள் ஊற்றி முடிப்பது நல்லது. பத்து நிமிஷம் தாண்டினால் கடைசி மோல்டுக்குப் போகும் மெட்டல் வேறு மெட்டல் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சரிசெய்யவும் செலவில்லை. மோல்டுகளை வரிசையாக, லேடில் நடக்கும் தூரம் குறைவாக இருக்கும்படி அடுக்குங்கள். சின்ன மோல்டுகள் நாற்பது இருந்தால் இரண்டு டேப்பாகப் பிரியுங்கள்.

முதல் மோல்டில் மட்டும் வந்தால் லேடில் குளிர்ச்சியோ ஈரமோ காரணம். எல்லா மோல்டிலும் வந்து, லேடிலில் இருந்து எடுத்த கிண்ணம் குழி விழுந்திருந்தால், மோல்டைப் பிடியுங்கள்: பச்சை மணலில் ஈரம் ஏறியது, கோட்டிங் காயாதது, கோர் முழுதாக வேகாதது, ரெசின் அளவு கூடியது, கேஸ் போக வழி இல்லாதது. ரெசின் மணலைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும்போது அதில் நைட்ரஜன் சேர்ந்துகொண்டே போகும். புது மணலில் நான்கு மோல்டு போட்டு ஒரே ஹீட்டில் ஊற்றி ஒப்பிட்டால் ஒரு நாளில் விடை கிடைத்துவிடும்.

எல்லா மோல்டிலும் வருகிறது, கிண்ணம் சந்தேகமாக இருக்கிறது, லேடில் சாம்பிளில் அலுமினியம் 0.02-க்குக் கீழே என்றால் அறிகுறி 1-க்குத் திரும்புங்கள்.

இந்த மூன்றும் பார்த்தும் பிடிபடாவிட்டால் மெட்டலில் ஆக்சிஜன், நைட்ரஜன், ஹைட்ரஜன் அளவு பார்க்க வெளி லேபுக்கு அனுப்புங்கள். நம்மிடம் இருக்கும் சாதாரண ஸ்பெக்ட்ரோ அதை நம்பும்படி காட்டாது.

அறிகுறி 3: அலுமினியம் ஹீட்டுக்கு ஹீட் ஆடுகிறது

ஒரு நாள் 0.06, மறுநாள் 0.012. எடை ஒன்றுதான் என்று சத்தியம் செய்வார்கள், அது உண்மையாகவும் இருக்கும். ஒரு நோட்டில் நான்கு கட்டம் போடுங்கள்: அலுமினிய எடை, டேப்பிங் டெம்ப்பரேச்சர், டேப்பிங் முடிந்த நேரம், சாம்பிள் எடுத்த நேரம். பத்து ஹீட் எழுதினால் எது ஆடுகிறது என்று நோட்டே சொல்லிவிடும். பெரும்பாலும் நேரம்தான். சில இடங்களில் டெம்ப்பரேச்சர். பவர் போய்விடுமோ, பீக் ஹவர் வந்துவிடுமோ என்று அவசரத்தில் 1700 வரை ஏற்றிவிட்டு ஆற விடுவார்கள். சூடு ஏற ஏற மெட்டல் ஆக்சிஜனை அதிகம் வாங்கிவைத்துக்கொள்ளும். ஃபைனல் அடிஷன் போட்ட பிறகு முழு பவரில் வைத்திருப்பதும் கெடுதல். நடுவில் மெட்டல் மேடு கட்டி உருண்டுகொண்டே இருக்கும், ஒவ்வொரு உருளலிலும் புது முகம் காற்றைத் தொடும்.

சாம்பிளில் இருக்கும் சின்ன ஓட்டையோ அலுமினா துணுக்கோ ஸ்பெக்ட்ரோ பொறியில் மாட்டினாலும் எண் தாவும். மூன்று இடத்தில் பொறி வைத்து, தாவுகிற சாம்பிளைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

அறிகுறி 4: காஸ்டிங்கின் மேல்முகத்தில் மண் ஒட்டியது போல் சாம்பல் திட்டுகள்

மோல்டிங் ஆளைத் திட்டுவதற்கு முன் நில்லுங்கள். மண் கழன்றது என்று எல்லோரும் முதலில் சொல்வார்கள். சில சமயம் அது உண்மை. ஆனால் மேல் பாக்ஸ் பக்கத்திலும் கோருக்கு அடியிலும் திரண்டு, தோண்டினால் வெள்ளையும் சாம்பலுமாக, மணலைவிட நைசாக வரும் திட்டுகள் பெரும்பாலும் காற்றின் வேலை. நன்றாக அடங்கிய மெட்டல்தான் காற்றுக்கு அதிகம் ஏங்கும். லேடிலில் இருந்து மோல்டுக்கு விழும் அந்தச் சில வினாடிகளில் அலுமினியமும் சிலிக்கானும் மாங்கனீஸும் ஆக்சிஜனைப் பிடித்து, ஒன்றோடொன்று ஒட்டி, கட்டியாகி மேலே மிதந்து போய்த் தங்கும். இதற்கு மருந்தாக அலுமினியத்தைக் கூட்டினால் கட்டி பெரிதாகுமே தவிரக் குறையாது.

ஊற்றும் உயரத்தைக் குறையுங்கள். லேடில் வாய்க்கும் பேசினுக்கும் (மோல்டின் மேல் மெட்டல் ஊற்றும் கிண்ணம்) நடுவே ஒரு சாண் போதும். நான் பார்க்கும் பல இடங்களில் கிரேன்காரர் அவசரத்தில் முழங்கை உயரத்தில் நிறுத்துகிறார். தாரை ஒரே கயிறாக விழ வேண்டும், விசிறியாக விரியக் கூடாது. லேடில் வாயில் கட்டியிருக்கும் பழைய மெட்டல் பற்று தாரையைப் பிளக்கும், ஷிப்டுக்கு ஷிப்டு அதைத் தட்டுங்கள். பேசினை நிரப்பி, நிரம்பியபடியே வைத்து ஊற்றுங்கள். நடுவில் விட்டுவிட்டு ஊற்றினால் ஸ்ப்ரூ, அதாவது பேசினில் இருந்து கீழே இறங்கும் வழி, காற்றை உறிஞ்சும்.

அதற்கும் குறையாவிட்டால் டீ பாட் லேடில் அல்லது அடியில் ஊற்றும் லேடில். அதற்கு மேல் கேட்டிங் (மெட்டல் மோல்டுக்குள் போகும் வழி) மாற்றம்: மெட்டல் கீழிருந்து மெதுவாக ஏறும்படி கேட்டைப் பெரிதாக்குவது. பேட்டர்ன் செலவு வரும், அதனால் மாற்றும் முன் துணுக்கு ஒன்றை எடுத்து எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் வசதி உள்ள லேபுக்கு அனுப்புங்கள். பெரிய துணுக்கில் அலுமினியத்தோடு மாங்கனீசும் சிலிக்கானும் கலந்து வந்தால் காற்று. கிட்டத்தட்ட முழுக்க சிலிக்கா என்றால் மணல், அப்போது மோல்டிங் பக்கம் போங்கள். கால்சியம், மெக்னீசியம் தெரிந்தால் ஸ்லாக் அல்லது லைனிங் மேல் சந்தேகம்.

அறிகுறி 5: அடியில் ஊற்றும் லேடிலில் தாரை மெலிந்து நின்றுபோகிறது

நாசிலை (லேடில் அடியில் மெட்டல் வெளியேறும் ஓட்டைக் கல்) எடுத்துப் பிளந்து பாருங்கள். உள்ளே மெட்டல் உறைந்திருந்தால் குளிர்ச்சி, லேடிலையும் நாசிலையும் இன்னும் சூடேற்றுங்கள். வெள்ளையாக, கரகரவென்று சுவரில் படிந்திருந்தால் அலுமினா. அலுமினியம் அளவுக்கு மீறியிருக்கிறதா என்று பாருங்கள், பிறகுதான் கால்சியம் சிலிசைடு. அலுமினியம் கரைந்த பின், டன்னுக்கு 1 முதல் 2 கிலோ, பொட்டலமாகக் கட்டி அடிவரை முக்க வேண்டும். கால்சியம் 1484 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும், மேலே தூவினால் சுடர்தான் மிச்சம். முக்கும்போது லேடில் சீறும், முகக் கவசம் இல்லாமல் யாரும் பக்கத்தில் நிற்கக் கூடாது. கந்தகம் அதிகம் இருக்கும் ஹீட்டில் கால்சியம் சல்பைடாகி அதுவே நாசிலை அடைக்கும், அதனால் கந்தகத்தை முதலில் பாருங்கள்.

அறிகுறி 6: கெமிஸ்ட்ரி சரி, டெஸ்ட் பார் மட்டும் பெயிலாகிறது

டபிள்யூ.சி.பி. என்ற வால்வு கார்பன் ஸ்டீல் கிரேடுக்கு நீட்சி 22 சதவீதம் வேண்டும். இழுவை வலிமை 485 மெகாபாஸ்கலுக்கு மேல் நன்றாக வந்துவிடும், நீட்சி 14, 15 என்று விழும். குளிர் வேலைக்கான எல்.சி.பி. கிரேடு என்றால் மைனஸ் 46 டிகிரி இம்பேக்ட் டெஸ்டில் தெரியும்.

முதலில் உடைந்த பாரின் முகத்தைப் பாருங்கள். ஓட்டையோ சுருக்கமோ இருந்தால் பார் ஊற்றியதில் தப்பு, வேறு பார் போடுங்கள். அடுத்து நார்மலைசிங் (சூடேற்றிக் காற்றில் ஆறவிடும் ஹீட் ட்ரீட்மென்ட்) சார்ட். பர்னஸ் கதவுப் பக்கம் வைத்த பார் சூடேறாமல் வெளியே வந்திருக்கலாம். மறுபடி ஹீட் ட்ரீட்மென்ட் செய்து பாருங்கள்.

மூன்றாவது காரணத்தை நான் வற்புறுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது அலுமினியத்தை மிச்சம் பிடிக்கப் போய் வருவது. 0.005-க்கும் 0.015-க்கும் நடுவே அலுமினியம் நின்றால் கந்தகம் சல்பைடாகி, மெட்டலின் நுண்ணிய படிக மணிகளின் எல்லையில் சங்கிலி மாதிரி, ஏடு மாதிரி படியும். சிலிக்கானால் மட்டும் அடக்கிய ஸ்டீலில் அது உருண்டையாக இருக்கும். அலுமினியம் 0.03 தாண்டினால் கோணல் மாணலான தனித்தனித் துண்டாக இருக்கும். இரண்டுமே தேவலை, நடுவில் நிற்பதுதான் மிக மோசம். பவுடர் மாதிரி கொஞ்சம் போட்டுவிட்டு 'போட்டாச்சு' என்று நினைக்கும் ஹீட்டுகள் இங்கேதான் மாட்டுகின்றன. அலுமினியத்தை 0.03-க்கு மேல் நிறுத்துங்கள், கந்தகத்தை 0.02-க்குக் கீழே கொண்டு வரும் ஸ்கிராப்பைத் தேர்ந்தெடுங்கள். மைக்ராஸ்கோப்பில் பாலிஷ் செய்த துண்டை எட்ச் செய்யாமல் பார்த்தாலே சல்பைடு எப்படிப் படிந்திருக்கிறது என்று தெரியும்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. கனமான காஸ்டிங், 75, 100 மி.மீ. தடிமன், அதில் அலுமினியம் 0.08, 0.1 என்று ஏறி நைட்ரஜனும் கூடியிருந்தால், உடைந்த முகம் கற்கண்டை உடைத்த மாதிரி பளபளப்பான பட்டைகளாக இருக்கும். மெதுவாக ஆறும்போது அலுமினியம் நைட்ரைடு மணி எல்லையில் படிந்ததன் விளைவு இது. ரைசர் பொங்கியதே என்று பிடி பிடியாகச் சேர்த்துக்கொண்டே போன இடங்களில் கடைசியில் வந்து நிற்பது இது. சாதாரண நார்மலைசிங்கில் இது போகாது, வெல்டிங்கில் மறைக்கவும் கூடாது. காஸ்டிங்கை ரிஜெக்ட் செய்துவிட்டு, அடுத்த ஹீட்டுக்கு முன் மெட்டலர்ஜிஸ்ட்டைக் கூப்பிடுங்கள். அலுமினியத்தைக் குறைத்து ஒரு பகுதிக்கு டைட்டானியமோ சிர்கோனியமோ போடலாமா என்பதைக் கிரேடைப் பார்த்து அவர்தான் சொல்ல வேண்டும்.

அவர் வருவதற்கு முன் தயாராக வைத்திருக்க வேண்டியவை: உடைந்த பாரின் இரண்டு பாதிகளும், முகத்தைத் தொடாமல், எண்ணெய் தடவாமல், காகிதத்தில் சுற்றி. அந்த ஹீட்டின் லேடில் சாம்பிள். பெயிலான ஹீட் நம்பரோடு அந்த நான்கு கட்டம் போட்ட நோட்டு. அன்று ஊற்றிய இரண்டு கிண்ணத்தையும் உடைத்த துண்டுகளாக இருந்தாலும் தூக்கிப் போடாமல், மேலே சாக்பீஸால் நம்பர் எழுதி வைத்திருங்கள்.